திருச்சியும் ஷார்ஜாவும்: 4 மணி நேரப் பறப்பு, 12 மணி நேரப் பயணம்



நம் மஹல்லாவில் வளைகுடா நாட்டோடு தொடர்பு இல்லாத வீடு குறைவு. மகன், மருமகன், தம்பி, மச்சான் என்று யாராவது ஒருவர் ஷார்ஜாவிலோ துபாயிலோ இருப்பார். "திருச்சியில ஏறினா நாலு மணி நேரத்துல ஷார்ஜா" என்று எல்லோரும் சொல்கிறோம். அது சரியான கணக்குதான். ஆனால் அந்த 4 மணி நேரத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும்போது வீடுகளில் வருத்தம் வருகிறது. குறிப்பாக ஒரு மவுத் நேர்ந்துவிட்டால் "தம்பி வந்துருவான், வெச்சிருப்போமா, அடக்கிருவோமா" என்ற கேள்வி வீட்டாரையும் ஜமாஅத்தையும் ஒருசேரத் திணறடிக்கிறது.

இந்தப் பாடத்தில் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம், பறக்கும் நேரம், வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் முழு நேரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் படிப்போம். வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒருமுறை படித்து, பள்ளி செல்லும் பிள்ளைகளோடு சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. தூரம்

திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.8 பாகையிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.7 பாகையிலும் இருக்கிறது. ஷார்ஜா விமான நிலையம் வடக்கே 25.3, கிழக்கே 55.5. பூமி உருண்டை என்பதால் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் வழிதான். அப்படி அளந்தால் திருச்சி - ஷார்ஜா தூரம் சுமார் 2,930 கிலோமீட்டர்.

விமானிகள் இதைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆகவே இந்தத் தூரம் ஏறக்குறைய 1,580 கடல் மைல். சாதாரண மைல் கணக்கில் சுமார் 1,820.

வரைபடத்தில் நூல் பிடித்துப் பார்த்தால், அந்தக் கோடு திருச்சியிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, மங்களூர் - உடுப்பிப் பக்கம் கரையைத் தாண்டி, அரபிக் கடலின் மேல் நீண்ட தூரம் சென்று, மஸ்கட் அருகே ஓமன் கரையை அடைந்து, பிறகு ஷார்ஜாவுக்குள் இறங்கும். விமானங்கள் குறிக்கப்பட்ட வான்வழிகளில் செல்வதால் அந்தக் கோட்டிலிருந்து சற்று விலகிப் போவதும் உண்டு. அதனால் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சிறிது கூடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஷார்ஜாவிலிருந்து சென்னைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய இதே அளவுதான். சென்னை நமக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும், ஷார்ஜாவிலிருந்து பார்த்தால் இரண்டு ஊரும் ஒரே தொலைவு. இது பின்னால் நமக்கு உதவும்.

2. பறக்கும் நேரம்

இந்த வழியில் பறக்கும் நடுத்தர அளவு விமானம் உயரத்தை எட்டியபின் மணிக்கு 830 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் போகும். 2,930-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம் வரும். ஆனால் பயணச்சீட்டில் 4 மணி நேரம் போடுகிறார்கள். மீதி அரை மணி நேரம் எங்கே போகிறது?

விமானம் தன் இடத்திலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்குப் போக வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் இருக்காது. இறங்கிய பிறகு முனையத்துக்கு ஊர்ந்து வர வேண்டும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் சீட்டில் காட்டும் நேரம்.

காற்றும் கணக்கில் சேரும். குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். ஊருக்கு வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளும். போகும் விமானத்தை எதிரே நின்று தடுக்கும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் தென்னிந்தியாவின் மேல்வானில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக மாறிவிடும். ஆகவே ஒரே வழிக்கு ஒரு மாதம் கால் மணி கூடுதலாகவும் இன்னொரு மாதம் கால் மணி குறைவாகவும் ஆகலாம். வீட்டுக் கணக்குக்கு 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

3. கடிகாரம் காட்டும் நேரம்

சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இதை மறந்தால் கணக்கு தவறிவிடும்.

இந்திய நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. ஐக்கிய அரபு அமீரக நேரம் 60 பாகையை ஒட்டியது. வித்தியாசம் 22.5 பாகை. சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகும். 22.5-ஐ 4-ஆல் பெருக்கினால் 90 நிமிடம். அதனால்தான் அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, திருச்சியில் காலை 5 மணிக்குப் புறப்படும் விமானம் ஷார்ஜாவில் காலை 7.30-க்கு இறங்கும் என்று சீட்டில் இருக்கும். பார்த்தால் இரண்டரை மணி நேரப் பயணம்போல் தெரியும். உண்மையில் 4 மணி நேரம். திரும்பி வரும்போது இரவு 11 மணிக்கு ஏறினால் விடிகாலை 4.30-க்கு இறங்கும். பார்த்தால் ஐந்தரை மணி நேரம். உண்மையில் அதுவும் 4 மணி நேரமே.

நினைவில் வைக்க ஒரு வழி: போகும்போது சீட்டு காட்டும் இடைவெளியோடு ஒன்றரை மணியைக் கூட்டுங்கள், வரும்போது ஒன்றரை மணியைக் கழியுங்கள்.

4. வாசலிலிருந்து வாசல் வரை

இனி முக்கியமான கணக்கு. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற ஊர்களைச் சேர்ந்த ஒருவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அறையிலிருந்து வாப்பா வீட்டு வாசலுக்கு வர ஆகும் நேரம் இது:

அறையிலிருந்து ஷார்ஜா விமான நிலையம்: 1 மணி நேரம் (துபாய்ப் பக்கம் தங்கியிருந்தால், மாலை நெரிசலில் இன்னும் கூடும்).
விமான நிலையத்தில் சாமான் போட, குடியேற்றச் சோதனை முடிக்க, காத்திருக்க: 3 மணி நேரம்.
பறப்பு: 4 மணி நேரம்.
திருச்சியில் குடியேற்றம், பெட்டி, சுங்கம் முடித்து வெளியே வர: 1 மணி நேரம்.
திருச்சியிலிருந்து காரில் ஊர்: 3 மணி நேரம்.

மொத்தம் 12 மணி நேரம். பறப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். இதுவும் செய்தி வந்த உடனே சீட்டும் தோதான விமானமும் கிடைத்தால்தான். விமானம் ஏற்கெனவே போய்விட்டால் அடுத்த விமானம் வரை காத்திருக்கும் நேரத்தையும் இதில் சேர்க்க வேண்டும்.

கையில் பெட்டி இல்லாமல் வருபவர் விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்பே போக வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் வெளிநாட்டுப் பயணத்துக்குப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடும். அதற்குப் பிறகு வாசலில் நின்று அழுதாலும் ஏற்றமாட்டார்கள். குடியேற்ற வரிசையின் நீளமும் நம் கையில் இல்லை.

5. ஒரு சுருக்கமான சூத்திரம்

அவசரத்தில் இவ்வளவு கணக்கும் போட முடியாது. இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ஜாவில் விமானம் புறப்படும் நேரத்தோடு ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டினால், நம் கடிகாரப்படி அவர் வீட்டு வாசலுக்கு வரும் நேரம் கிடைக்கும்.

கடிகார வித்தியாசம் ஒன்றரை, பறப்பு 4, வெளியே வருவது 1, கார் 3. மொத்தம் ஒன்பதரை. அங்கே இரவு 11 மணிக்குக் கிளம்பினால், இங்கே மறுநாள் காலை 8.30. அங்கே பகல் 1 மணிக்குக் கிளம்பினால், இங்கே இரவு 10.30. திருச்சி நகரத்திலேயே வீடு என்றால் ஏழு மணி நேரம் கூட்டினால் போதும். தஞ்சாவூர் என்றால் எட்டு. உங்கள் ஊருக்கு எத்தனை என்று இன்றே கணக்கிட்டு நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

திருச்சிக்கு இடம் இல்லை, சென்னைக்கு இருக்கிறது என்றால் எடுக்கலாமா? முதல் பகுதியில் பார்த்தபடி பறக்கும் தூரம் இரண்டுக்கும் ஒன்றே. வித்தியாசம் சாலையில்தான். சென்னையிலிருந்து நம் கடற்கரை ஊர்களுக்குக் காரில் 7 முதல் 8 மணி நேரம் ஆகும், திருச்சியிலிருந்து 3. ஆகவே சென்னை விமானம், திருச்சி விமானத்தைவிட 5 மணி நேரமாவது முன்னால் புறப்பட்டால்தான் லாபம். சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் திருச்சி வரலாம் என்றால், அந்தப் பறப்பு ஒரு மணி நேரம்தான். ஆனால் முனையம் மாறி, மறுபடி சோதனை முடித்துக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் பெரும்பாலும் காரில் வருவதைவிட அதிகம் மிச்சமாகாது.

6. மவுத் வீட்டில் இந்தக் கணக்கு

ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்ய வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த வழிமுறை. பெற்றவரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது பிள்ளையின் மனம். இரண்டும் நியாயமானவை. இரண்டுக்கும் நடுவே குழப்பம் உண்டாவது பெரும்பாலும் நேரம் தெரியாததால்தான்.

ஷார்ஜாவில் இருக்கும் மகன் அழுதுகொண்டே, "நாலு மணி நேரத்துல வந்துருவேன், வெச்சிருங்க" என்கிறார். வீட்டார் ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிடுகிறார்கள். நாலு மணி எட்டாகிறது, எட்டு பதினாறாகிறது. வந்தவர்கள் பாதிப்பேர் திரும்பிப் போகிறார்கள். "இன்னும் எவ்வளவு நேரம்" என்று ஜமாஅத்தார் கேட்பது வீட்டாருக்குக் கடுமையாகத் தெரிகிறது. விமானத்தில் இருப்பவருக்கோ போன் கிடையாது. கடைசியில் அவர் வருவதற்கு அரை மணி முன்னால் அடக்கம் முடிந்துவிட்டால், அந்த வருத்தம் ஆண்டுக்கணக்கில் அண்ணன் தம்பிக்குள் நின்றுவிடுகிறது. முதலிலேயே "16 மணி நேரம் ஆகும்" என்று தெரிந்திருந்தால், வைப்பதா அடக்குவதா என்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே முடிவாக எடுத்திருப்பார்கள்.

ஆகவே செய்தி சொன்ன முதல் அரை மணி நேரத்தில், வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவர் வெளிநாட்டில் இருப்பவரிடம் மூன்று கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும்.

ஒன்று: சீட்டு கையில் உறுதியாகிவிட்டதா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்களா?
இரண்டு: விமானம் அங்கே எத்தனை மணிக்குப் புறப்படுகிறது?
மூன்று: எந்த ஊரில் இறங்குகிறது?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், மேலே சொன்ன சூத்திரத்தின்படி வந்து சேரும் நேரத்தை அங்கேயே சொல்லிவிடலாம். சீட்டு உறுதியாகாதவரை எந்த நேரத்தையும் வெளியே சொல்லக் கூடாது. நேரம் தெரிந்த பின் ஆலிமையும் ஜமாஅத்தையும் கலந்து, குளிப்பாட்டும் நேரம், தொழுகை நேரம், அடக்கும் நேரம் ஆகியவற்றை முடிவு செய்து, அந்த முடிவை வெளிநாட்டில் இருப்பவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வந்து சேர முடியாது என்றால், அதை அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது அவருடைய உரிமை. தெரியாமல் வாசலுக்கு வந்து நிற்பதைவிட, தெரிந்து துஆ செய்துகொண்டே வருவது மனத்துக்கு ஆறுதல்.

வர முடியாதவருக்கும் வழி அடைக்கப்படவில்லை. நஜ்ஜாஷி மன்னர் தொலைவில் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அவருக்காகத் தொழுகை நடத்தினார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபில் மறைவான ஜனாஸாத் தொழுகைக்கு அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் அந்த வழக்கம் இல்லை. துஆவும் தர்மமும் எல்லோருக்கும் உண்டு. உங்கள் பள்ளியின் இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

7. வழியில் தொழுகையும் நோன்பும்

சுமார் 80 கிலோமீட்டரை ஒட்டிய தூரத்தைப் பயணத் தூரமாக அறிஞர்கள் பலரும் கணக்கிடுகிறார்கள். 2,930 கிலோமீட்டர் அதைவிடப் பல மடங்கு. ஆகவே கஸ்ர் உண்டு. அதிராம்பட்டினத்துக்காரருக்கு அந்தச் சலுகை விமானத்தில் ஏறிய பிறகு தொடங்குவதில்லை. தம் ஊர் எல்லையைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது. இரண்டு வக்துகளைச் சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகளுக்கு இடையே வேறுபாடு உண்டு. புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நோன்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேற்கே போகும்போது நாம் சூரியனின் பின்னால் ஓடுகிறோம், பகல் நீளும். ஊரில் 6.25-க்கு மஃரிப் என்றால், பகல் 3 மணிக்குத் திருச்சியில் ஏறியவர் ஷார்ஜாவில் நோன்பு திறக்கும்போது நம் கடிகாரத்தில் ஏறக்குறைய 7.50 ஆகியிருக்கும். திரும்பி வரும்போது சூரியனுக்கு எதிரே வருகிறோம், பகல் சுருங்கும். பகல் 3 மணிக்கு ஷார்ஜாவில் ஏறியவருக்கு நடுவானிலேயே சூரியன் மறையும். அங்கேயே இருந்திருந்தால் மறையும் நேரத்துக்கு அரை மணிக்கும் மேல் முன்பாகவே மறைந்துவிடும். 11 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும்போது, அதே இடத்தில் தரையில் இருப்பவரைவிடக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் தாமதமாகவே சூரியன் மறைவது தெரியும். இதனால் அறிஞர்கள் சொல்லும் வழி: கீழே உள்ள ஊரின் பாங்கையோ சொந்த ஊரின் அட்டவணையையோ பார்க்காமல், இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்ததைக் கொண்டு திறக்க வேண்டும். சிரமப்படும் பயணிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யும் அனுமதியைக் குர்ஆனே தந்திருக்கிறது.

8. பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. திருச்சியில் காலை 10.15-க்குப் புறப்பட்ட விமானம் ஷார்ஜாவில் பகல் 12.45-க்கு இறங்கியது. பறந்த நேரம் எவ்வளவு?
2. ஷார்ஜாவில் பகல் 2.30-க்கு விமானம் ஏறும் மாமா, முத்துப்பேட்டை வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்?
3. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் ஏறக்குறைய 4 மணி நேரப் பறப்புதான். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே நள்ளிரவு 12-க்குக் கிளம்பினால் அங்கே எத்தனை மணிக்கு இறங்கும்?

விடைகள்: 1. நான்கு மணி நேரம். 2. நள்ளிரவு 12 மணி. 3. காலை 6.30.

மூன்றாம் கணக்கில் ஒரு சிறு பாடம் இருக்கிறது. கோலாலம்பூர் நமக்கு 23 பாகை கிழக்கே இருக்கிறது. சூரியக் கணக்குப்படி வித்தியாசம் ஒன்றரை மணிதான் வர வேண்டும். ஆனால் மலேசியா 1982 முதல் 120 பாகையை ஒட்டிய நேரத்தை வைத்துக்கொண்டது. அதனால்தான் அங்கே மஃரிப் கடிகாரத்தில் ஏழு மணிக்கு மேல் வருகிறது. கடிகாரம் மனிதர்கள் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடு. தொழுகை வக்து சூரியனைப் பார்த்து வருவது.

9. வீட்டில் செய்து வைக்க வேண்டியவை

வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் பாஸ்போர்ட்டைத் தம் கையில், காலாவதி ஆகாமல் வைத்திருக்கட்டும். ஒருவழிச் சீட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனியே ஒதுக்கி வையுங்கள்; அவசரச் சீட்டின் விலை வழக்கமான விலையைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். இரவு நேரத்திலும் திருச்சிக்கு வண்டி எடுத்து வரக்கூடிய ஒருவரின் எண் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். அதன் கீழேயே உங்கள் ஊருக்குக் கூட்ட வேண்டிய மணி நேரத்தையும் எழுதுங்கள்.

பெற்றோரின் உடல்நிலை மோசமாக இருக்கிறது என்று தெரிந்தால், வெளிநாட்டில் இருப்பவரிடம் அதை மறைத்து வைக்காதீர்கள். "அவன் வேலை கெட்டுப்போகும்" என்று நினைத்துக் கடைசி நாள்வரை சொல்லாமல் இருக்கும் வீடுகள் உண்டு. 12 மணி நேரத் தொலைவில் இருப்பவருக்கு ஒரு நாள் முன்னால் கிடைக்கும் செய்தி, அடக்கத்துக்கு வருவதையல்ல, உயிரோடு இருக்கும்போதே கையைப் பிடித்து ஸலாம் சொல்வதைத் தரக்கூடும்.

பயணத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. ஆமீன்.